படம் கழுவிய கைகள்

1976ஆம் ஆண்டின் கோடை இங்கிலாந்தில் கடும் வெயிலாக இருந்தது. வெயில் அடித்தால் ஆங்கிலேயக் குடும்பங்கள் கடற்கரைக்குப் போகும். போனால் புகைப்படம் எடுக்கும். எடுத்த பிலிம் சுருளை உறையிலிட்டுத் தபாலில் அனுப்பினால், கழுவி அச்சிட்ட படங்கள் வீடு தேடி வரும். அப்படி வந்த உறைகளைப் பிரித்துப் படம் கழுவித் திருப்பி அனுப்பிய நிறுவனங்களில் ஒன்று வடமேற்கு லண்டனின் வில்லெஸ்டன் பகுதியில் இருந்த கிரன்விக். அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த குஜராத்திப் பெண்கள். பிறருடைய விடுமுறைக் காலம் அவர்களுக்குக் கட்டாய ஓவர்டைம் காலம். கழிப்பறைக்குப் போகவும் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

அந்த ஆகஸ்ட் 20ஆம் தேதி, வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் இன்னும் வேலை இருக்கிறது என்று சொல்லப்பட்டபோது, ஜெயாபென் தேசாய் என்ற பெண் மறுத்து வெளியே நடந்தார். அவருக்கு அப்போது 43 வயது. ஐந்து அடிக்கும் குறைவான உயரம். குஜராத்தின் தர்மஜில் 1933இல் பிறந்து, தான்சானியா வழியாக 1969இல் பிரிட்டன் வந்தவர். தொடர்ந்து 137 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சேலை கட்டிய பெண்கள் தொழிற்சாலை வாசலில் மறியல் செய்யும் காட்சி பிரிட்டிஷ் பத்திரிகைகளுக்குப் புதிது. 1977 ஜூலையில் அவர்களுக்கு ஆதரவாக ஏறத்தாழ 20,000 தொழிலாளர்கள் திரண்டார்கள். தபால் ஊழியர்கள் கிரன்விக்கின் தபால்களைத் தொட மறுத்தார்கள். ஆனாலும் 1978 ஜூலையில் போராட்டம் தோல்வியில் முடிந்தது. அதற்கு முன்பே தொழிற்சங்கத் தலைமை இவர்களைக் கைவிட்டிருந்தது. அதைக் கண்டித்துத் தொழிற்சங்கப் பேரவை அலுவலகத்தின் வாசலில் உண்ணாவிரதம் இருந்த ஜெயாபென்னையும் உடனிருந்தவர்களையும் அவர்களுடைய சொந்தச் சங்கமே இடைநீக்கம் செய்தது.

இந்த வரலாற்றை மனதில் வைத்துக்கொண்டு 1993இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. பர்மிங்காமிலிருந்து ஒரு வேன் நிறைய தெற்காசியப் பெண்கள் ஒருநாள் விடுமுறைக்காகப் பிளாக்பூல் கடற்கரைக்குப் போகிறார்கள். படத்தின் பெயர் ‘பாஜி ஆன் த பீச்’. கடற்கரையில் பஜ்ஜி என்பது மெரினாவை அறிந்த நமக்கு வேடிக்கையாகவே படாது. ஆனால் பிளாக்பூல் ஆங்கிலேய உழைக்கும் வர்க்கத்தின் விடுமுறைத் தலம். அங்கே சேலையும் சல்வாரும் பஜ்ஜியும் வந்து இறங்குவது பிரிட்டிஷ் திரையில் அதுவரை காணாத ஒன்று. இயக்கியவர் குரீந்தர் சத்தா. 1960இல் நைரோபியில் பிறந்து, லண்டன் சவுத்ஹாலில் வளர்ந்தவர். திரைக்கதை எழுதியவர் மீரா சயால். பிரிட்டிஷ் ஆசியப் பெண் ஒருவர் இயக்கிய முதல் முழுநீளத் திரைப்படம் என்று இதைத் திரைப்பட வரலாறு குறிக்கிறது.

பயணத்தை ஏற்பாடு செய்வது ‘சஹேலி’ என்ற ஆசியப் பெண்கள் மையம். சஹேலி என்றால் தோழி. மையத்தை நடத்தும் சிமி, இனவாதம் ஒரு பக்கமும் ஆணாதிக்கம் ஒரு பக்கமும் அழுத்தும் இரட்டைச் சுமையிலிருந்து இன்று ஒருநாள் விடுதலை என்று வேனில் அறிவிக்கிறாள். வேனில் இருப்பவர்களோ ஒருவருக்கொருவர் விடுதலை தருபவர்களாக இல்லை. கணவனின் அடி தாங்காமல் சிறு மகனுடன் வெளியேறிக் காப்பகத்தில் தங்கியிருக்கும் கிந்தர் இருக்கிறாள். மருத்துவம் படிக்கப் போகும் பெருமைக்குரிய பெண் ஹஷிதா, ஆலிவர் என்ற ஆப்பிரிக்க-கரீபிய இளைஞனால் கருவுற்றிருப்பதை அன்றுதான் அறிந்திருக்கிறாள். கடையிலும் சமையலறையிலும் வாழ்நாளைத் தொலைத்த நடுத்தர வயது ஆஷாவுக்குத் தலைவலியும், இந்தி சினிமாப் பாணியில் விரியும் மாயக்காட்சிகளும். ஊர்ப்பேச்சை உருட்டும் மூத்த பெண்கள் புஷ்பா, பீனா. பம்பாயிலிருந்து வந்திருக்கும் நாகரிகப் பெண் ரேகா. பையன்களைத் தேடும் பதின்வயதுச் சகோதரிகள் இருவர்.

இத்தகைய படங்களைப் பற்றி எழுதும்போது வழக்கமாக ஒரு வாக்கியம் வரும்: பழைய பண்பாட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும் புதிய சுதந்திரத்தை நாடும் பிள்ளைகளுக்கும் இடையிலான மோதல். வகுப்பறையில் மாணவிகளும் இப்படித்தான் எழுதுகிறார்கள். இந்த வாக்கியத்தில் பண்பாடு என்பது பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுவந்த பொருள் போலத் தெரிகிறது. அம்மா அதைக் காப்பவள், மகள் அதை உடைப்பவள். அம்மாவுக்கு வரலாறு கிடையாது, பழக்கம் மட்டுமே உண்டு. கிரன்விக் வாசலில் நின்ற பெண்களை இந்த வாக்கியத்தில் எங்கே வைப்பது? அவர்களும் அம்மாக்கள்தான். 1993இல் வேனில் ஏறும் மூத்த பெண்கள் ஏறக்குறைய அந்தத் தலைமுறை. அவர்களை ‘பழமை’ என்ற ஒரே சொல்லில் அடைப்பதற்கு முன், அந்தக் குடும்பம் எப்படி உருவானது என்று கேட்க வேண்டும்.

1948இன் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம் குடியேற்ற நாட்டு மக்களுக்குப் பிரிட்டனுக்குள் நுழையும் உரிமை தந்தது. போருக்குப் பின் ஆள் தேவைப்பட்ட பர்மிங்காம், வுல்வர்ஹாம்ப்டன் வார்ப்பாலைகளுக்கும் சவுத்ஹாலின் ரப்பர் ஆலைக்கும் பஞ்சாபி ஆண்கள் வந்தார்கள். 1962இல் அந்தக் கதவு பாதி மூடப்பட்டது. வேலைக்கான அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைய முடியாது என்றானதும், ஊருக்கும் லண்டனுக்கும் போய்வந்துகொண்டிருந்த ஆண்கள் மனைவி மக்களை அழைத்து வந்து நிலைகொள்ளத் தொடங்கினார்கள். ஆக, பெண்கள் பெருமளவில் வந்தது ‘சார்ந்திருப்போர்’ என்ற முத்திரையோடு. அவர்கள் ஆலையில் உழைத்தாலும், வீட்டில் தையல் எந்திரம் ஓட்டிக் கூலி வாங்கினாலும், குடியேற்றச் சட்டத்தின் ஏட்டில் அவர்கள் சார்ந்திருப்போர்தான்.

1968இல் கென்ய ஆசியர்கள் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுடன் வரத் தொடங்கியதும், சில நாட்களுக்குள் ஒரு சட்டம் நிறைவேற்றப்பட்டு அவர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. ஆண்டுதோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தரப்பட்ட சிறப்பு அனுமதிச் சீட்டுகள் ‘குடும்பத் தலைவ’ருக்கு மட்டும். பாஸ்போர்ட் மனைவியிடம் இருந்தாலும் குடும்பத் தலைவர் கணவர்தான். ஆகவே அவளுக்குச் சீட்டு இல்லை. ரேஷன் கார்டில் இந்தச் சொல்லைப் பார்த்துப் பழகிய நமக்கு அதன் வலிமை புரியும். ஒரு நாட்டின் எல்லையையே அந்தச் சொல்லால் மூட முடிந்தது.

1979 ஜனவரியில் ஹீத்ரூ விமான நிலையத்தில் 35 வயது இந்திய ஆசிரியை ஒருவருக்குக் கன்னித்தன்மைப் பரிசோதனை செய்யப்பட்டது. அவர் திருமணம் செய்துகொள்வதற்காக வந்தவர். மணமாகாத வருங்கால மனைவிக்கு முன்விசா தேவையில்லை, மனைவிக்குத் தேவை. எனவே அவர் சொல்வது உண்மையா என்று அதிகாரிகள் அவர் உடலிடம் விசாரித்தார்கள். செய்தி வெளிவந்து எதிர்ப்பு கிளம்பிய பின் அந்த நடைமுறை நிறுத்தப்பட்டது. இந்தியப் பெண் என்றால் திருமணத்துக்கு முன் கன்னியாகத்தான் இருப்பாள் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் இந்தப் பரிசோதனைக்குப் பொருளே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெண்ணின் கற்பைக் காக்கும் பண்பாடு என்று எதைப் பின்னாளில் ஆங்கிலேயர்கள் கேலி செய்தார்களோ, அதைத் தங்கள் எல்லைக் காவலுக்குச் சான்றாவணமாகப் பயன்படுத்தியவர்களும் அவர்களே.

அடுத்தது இன்னும் கசப்பானது. பிரிட்டனில் குடியிருக்கும் ஆண் தன் மனைவியை அழைத்துவருவது எளிது, பெண் தன் கணவனை அழைத்துவருவது கடினம் என்ற விதியை எதிர்த்து மூன்று பெண்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 1985 மே மாதத்தில் தீர்ப்பு வந்தது: இது பாலினப் பாகுபாடு. அரசு தீர்ப்பை ஏற்றது. எப்படி? பெண்களுக்கான தடையை எடுக்காமல், அதே தடையை ஆண்களுக்கும் போட்டது. இனி மனைவியும் முதல் 12 மாதங்கள் சோதனைக் காலத்தில் இருக்க வேண்டும். அதற்குள் திருமணம் முறிந்தால் நாட்டில் தங்கும் உரிமை போய்விடும். அரசின் நலத்தொகைகளையும் அவள் பெற முடியாது. சமத்துவத்தின் பெயரால், அடிக்கும் கணவனின் கையில் ஒரு சாவி கொடுக்கப்பட்டது. ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று அவன் மிரட்டினால், அது வெறும் மிரட்டல் இல்லை. சட்டம் அவனோடு நின்றது. நலத்தொகை இல்லாத பெண்ணைக் காப்பகங்களாலும் எளிதில் ஏற்க முடியவில்லை.

அந்தப் பெண் வெளியேறாமல் பொறுத்துக்கொண்டால் அதற்கு நாம் வைக்கும் பெயர் என்ன? பண்பாடு. பொறுமை. இந்தியப் பெண்ணின் இயல்பு.

இப்போது கிந்தரிடம் வரலாம். வேனில் ஏறும்போதே மூத்த பெண்களின் பார்வை அவள்மேல் விழுகிறது. வீட்டை விட்டு வந்தவள், குடும்பத்தைக் கெடுத்தவள். சங்க அகப்பாடல்களைப் படிப்பவர்களுக்கு ‘அலர்’ என்ற சொல் தெரியும். ஊரார் வாயில் மலர்ந்து பரவும் பழிப்பேச்சு. அது பெண்ணை வீட்டுக்குள் அடைக்கும் ‘இற்செறிப்பு’க்குக் காரணமாகும். பர்மிங்காம் வேனில் நடப்பதும் அதுதான். கணவன் ரஞ்சித்தோ தம்பிகளோடு காரில் பிளாக்பூலுக்கு விரைகிறான், மனைவியையும் மகனையும் மீட்டுக்கொண்டு போக. படம் அவனை அரக்கனாக வரையவில்லை. அப்பா அம்மாவின் எதிர்பார்ப்புக்கும் தன் ஆசைக்கும் இடையில் நிற்கும் பலவீனமான இளைஞனாகவே காட்டுகிறது. அவன் வீட்டுக்கு வெளியே தோற்கும் ஒவ்வொரு முறைக்கும் வீட்டுக்குள் ஒரு கணக்குத் தீர்க்கப்படுகிறது என்பது நமக்குத் தெரிகிறது.

1979 நவம்பரில் தொடங்கப்பட்ட ‘சவுத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸ்’ என்ற அமைப்பு சந்தித்த சிக்கலும் இதுவே. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் நேஷனல் ஃபிரண்ட் என்ற இனவெறிக் கட்சிக்கு எதிராக சவுத்ஹால் திரண்டிருந்தது. பிளேர் பீச் என்ற ஆசிரியர் அன்று உயிரிழந்தார். வெளியே இனவெறி வாசலில் நிற்கும்போது வீட்டுக்குள் நடக்கும் அடியைப் பற்றிப் பேசலாமா? பேசினால் நம் ஆண்களை வெள்ளையருக்குக் காட்டிக்கொடுத்ததாக ஆகாதா? இந்தக் கேள்வியால் அந்தப் பெண்களை வாயடைக்கப் பார்த்தார்கள். குடும்பம் உடைப்பவர்கள் என்றார்கள். இந்தப் படத்தின் மீதும் அதே குற்றச்சாட்டு எழுந்தது. 1985இல் லண்டன் பிரெண்ட் பகுதியில், ஆசியப் பெண்களுக்கான காப்பகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த ஒரு பெண்ணை அவர் கணவரே அங்கு வந்து கொன்றார். கடற்கரையில் கிந்தரைத் துரத்தி வரும் கார் கற்பனை. ஆனால் அந்தத் துரத்தலுக்கு முன்வரலாறு உண்டு.

கிரண்ஜித் அலுவாலியாவின் வழக்கும் அப்போதுதான் முடிந்திருந்தது. பத்தாண்டுக் கொடுமைக்குப் பின் 1989இல் கணவனைத் தீயிட்டுக் கொன்ற அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சவுத்ஹால் பெண்களின் தொடர் பரப்புரைக்குப் பின் 1992 ஜூலையில் கொலைத் தீர்ப்பு ரத்தாகி, செப்டம்பரில் அவர் வெளியே வந்தார். ஐஸ்வர்யா ராய் நடித்த ‘புரவோக்ட்’ (2006) அவர் கதைதான். அந்த வழக்கு, அடிபட்ட பெண்ணின் காலம் வேறு என்பதை நீதிமன்றத்தில் பேசவைத்தது. சினமூட்டல் என்றால் அந்த நொடியிலேயே கை ஓங்க வேண்டும் என்பது ஆணின் உடலை அளவாகக் கொண்ட அன்றைய சட்டம். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அச்சத்துக்கு அதில் இடமிருக்கவில்லை. அவர் விடுதலையான மறு ஆண்டு கிந்தர் திரைக்கு வந்தாள். படத்தில் ஆண்கள் ஆடும் கேளிக்கை விடுதி ஒன்றில், விளையாட்டாக அவளது ஜாக்கெட் இழுக்கப்பட, உடலில் இருக்கும் காயத் தழும்புகள் வெளிப்படுகின்றன. சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக அடங்குகிறார்கள். அதுவரை அலராக இருந்தது அங்கே சாட்சியாக மாறுகிறது.

ஹஷிதாவின் கதையில் வேறொரு முடிச்சு. சவுத்ஹால் பெண்கள் தங்களைக் ‘கறுப்பு’ச் சகோதரிகள் என்று அழைத்துக்கொண்டது தோல் நிறத்தைக் குறித்து அல்ல. ஆசியரும் ஆப்பிரிக்க-கரீபியரும் இனவெறிக்கு எதிராகக் கைகோத்த ஒரு அரசியல் பெயர் அது. அந்த அரசியலை வகுத்தவர்களில் முதன்மையானவர் ஈழத் தமிழரான அ. சிவானந்தன். 1958இல் இலங்கையிலிருந்து லண்டன் சென்றவர், இன உறவுகள் கழகத்தை நீண்ட காலம் வழிநடத்தியவர். ஆனால் மறியல் வரிசையில் சாத்தியமான கூட்டு, மண உறவில் சாத்தியமா? ஹஷிதாவின் வயிற்றில் இருப்பது யாருடைய குழந்தை என்று தெரிந்ததும் மூத்த பெண்களின் முகம் மாறுவது, காதலித்தாள் என்பதற்காக மட்டும் இல்லை. அவன் கறுப்பன் என்பதற்காக. வெள்ளையரின் இனவாதத்தால் அடிபட்டவர்களே அதன் ஏணியில் தமக்குக் கீழே ஒரு படியைத் தேடிக்கொள்வதை, சாதி தெரிந்த நாம் விளக்கம் இல்லாமலே புரிந்துகொள்வோம்.

ஆஷாதான் என்னை அதிகம் தொந்தரவு செய்பவர். படித்தவர், வாழ்க்கையைக் கடைக் கணக்கில் முடித்தவர். கடற்கரையில் ஆம்புரோஸ் என்ற வயதான ஆங்கில நடிகர் அவரிடம் நயமாகப் பேசுகிறார். ஒருகணம் ஆஷாவின் மனம் அதை இந்தி சினிமாக் காதல் காட்சியாக்குகிறது. அந்தக் கற்பனையில் பழுப்பு ஒப்பனையோடு வரும் ஆம்புரோஸின் நிறம் மழையில் கரைந்து வழிகிறது. கீழ்த்திசையை ரசிக்கும் அந்தக் கண், ஆஷாவைப் பார்க்கவில்லை, தான் இழந்த ஒரு பேரரசின் அழகைப் பார்க்கிறது. இதை ஆஷா கண்டுகொள்கிறார். வீடும் அவரைப் பார்க்கவில்லை, வெளியும் பார்க்கவில்லை. இதற்கிடையில், பம்பாயிலிருந்து வந்த ரேகா இங்குள்ள பெண்களைவிட நவீனமாக உடுத்தி, நீங்கள் விட்டுவந்த ஊர் இப்போது அங்கே இல்லை என்று உணர்த்துகிறார். பிரிட்டனில் காக்கப்படும் ‘இந்தியப் பண்பாடு’ பிரிட்டனிலேயே செய்யப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கறாரான பாட்டி புஷ்பாவாக நடித்தவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும்: ஜோரா செகல். 1912இல் பிறந்து, உதய்சங்கரின் குழுவில் உலகெங்கும் ஆடி, பிருத்வி நாடகக் குழுவில் நடித்து, 1962இல் லண்டன் சென்றவர். திரையில் பழமையாகத் தோன்றும் அந்த உடலுக்குள் இருந்தது அந்தத் தலைமுறையின் மிகச் சுதந்திரமான வாழ்க்கைகளில் ஒன்று.

இறுதியில் ரஞ்சித் மகனைப் பறிக்க முயலும்போது, அவனைக் கன்னத்தில் அறைபவர் ஆஷா. சிமி அல்ல, ஹஷிதா அல்ல. குடும்ப மானத்தைக் காக்கும் பொறுப்பு யாரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்ததோ அவர் அறைகிறார். இளைய தம்பி மன்ஜித்தும் அண்ணன் பக்கம் நிற்க மறுக்கிறான். எனவே இந்தப் படத்தின் மோதல் இளையவர்–மூத்தவர் என்ற கோட்டில் ஓடவில்லை. அடியை யார் சாதாரணம் என்று ஏற்கிறார்கள், யார் ஏற்க மறுக்கிறார்கள் என்ற கோட்டில் ஓடுகிறது. அந்தக் கோட்டின் இரு பக்கமும் எல்லா வயதினரும் இருக்கிறார்கள்.

குரீந்தர் சத்தாவே 2002இல் எடுத்த ‘பெண்ட் இட் லைக் பெக்கம்’ உலகெங்கும் ஓடியது. நம் மாணவிகளுக்கு அதுதான் தெரியும். கால்பந்து ஆட விரும்பும் ஜெஸ், தடுக்கும் பெற்றோர். அதில் அப்பாவுக்கு ஒரு கடந்தகாலம் உண்டு. நைரோபியில் வேகப்பந்து வீச்சாளராக இருந்தவர், இங்கிலாந்துக் கிளப்புகளில் தலைப்பாகைக்காகக் கேலி செய்யப்பட்டு ஒதுக்கப்பட்டவர். மகளும் அப்படிக் காயப்படக் கூடாது என்ற அச்சத்தில் தடுக்கிறார். அந்த வரலாற்றைச் சொன்னதும் நாம் அவரை மன்னித்துவிடுகிறோம். அம்மாவுக்கு? அவருக்குச் சமையல் இருக்கிறது. வட்டமாகச் சப்பாத்தி இடத் தெரியாத மகளைப் பற்றிய கவலை இருக்கிறது. அவர் எங்கே வேலை செய்தார், எந்தக் காகிதத்தில் யாருடைய பெயருக்குக் கீழே அவர் பெயர் எழுதப்பட்டது என்று படம் கேட்பதில்லை. அவரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அந்த அம்மாவாக நடித்தவர் ஷாஹீன் கான். 1993இல் சிமியாக நடித்தவரும் அவரே. ஒன்பது ஆண்டுகளில், பெண்கள் மையத்தை நடத்தியவர் மகளைத் தடுக்கும் அம்மாவாகத் திரையில் மாறினார். படம் சிறந்ததா, மோசமானதா என்பது என் கேள்வி இல்லை. பெரிய சந்தைக்குப் போகும் வழியில் எது முதலில் கழற்றி வைக்கப்படுகிறது என்பதே கேள்வி. கழற்றப்பட்டது அம்மாவின் வரலாறு.

12 மாத விதியில் அடிபட்ட மனைவிகளுக்கு 1999இல் ஒரு சலுகை கிடைத்தது, 2002இல் அது குடியேற்ற விதிகளுக்குள் சேர்ந்தது. அதற்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் குடும்பம் உடைப்பவர்கள் என்று ஏசப்பட்ட அந்தச் சவுத்ஹால் பெண்கள். பின்னர் சோதனைக் காலம் இரண்டாண்டாகவும் ஐந்தாண்டாகவும் நீண்டது. அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை.

இளம் வாசகிகளிடம் நான் கேட்பது சிறிய விஷயம். அடுத்த முறை இத்தகைய படம் ஒன்றில் அம்மா வந்து கதவை மறித்து நிற்கும்போது, அவள் ஏன் இப்படி இருக்கிறாள் என்பதோடு, அவள் எந்த ஆண்டு வந்தாள் என்றும் கேளுங்கள். அந்த ஆண்டின் சட்டம் அவளை என்னவென்று அழைத்தது, காலையில் அவள் எந்த வேலைக்குப் போனாள், யாருடைய கடற்கரைப் படங்களைக் கழுவினாள் என்று கேளுங்கள். அவள் செய்வது தவறென்றால் அது தவறுதான். அதை இந்தக் கேள்விகள் மாற்றப் போவதில்லை. ஆனால் ஜெயாபென் தேசாய்களைப் பண்பாட்டின் காவலாளிகள் என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், அவர்கள் மறுத்து நடந்த அந்த வாசலும் நம் கையைவிட்டுப் போய்விடும். மகள்கள் கடக்க நினைக்கும் வாசலை முதலில் கடந்து காட்டியவர்கள் அவர்கள்.